பொதுச் சொத்தில் ஓர் ஆடுபுலி ஆட்டம்

'விளையாட்டுப் பிள்ளை' என்பது நம் வீடுகளில் வசைச்சொல். கணிப்பொறியில் விளையாடுபவன் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் விளையாடுவது வேறு. விளையாட்டை உருவாக்குவது வேறு. பின்னதற்குக் கணக்கும் வேண்டும், பொறுமையும் வேண்டும். அம்முயற்சியில் எனக்குக் கைகொடுத்த 'பைகேம்' என்னும் நிரல் நூலகத்தைப் பற்றி எழுத விழைகிறேன்.

நிரல் நூலகம் என்பது பிறர் முன்பே எழுதி வைத்த கட்டளைகளின் தொகுப்பு. திரையில் படம் வரைய, ஒலி எழுப்ப, எந்த விசை அழுத்தப்பட்டது என்று அறிய நாம் புதிதாக எழுத வேண்டியதில்லை. சாம் லாண்டிங்கா 1998இல் வெளியிட்ட 'எஸ்.டி.எல்.' நூலகத்தின் மேல், பைத்தான் மொழியில் எழுதுவோர்க்காக 2000ஆம் ஆண்டில் பீட் ஷின்னர்ஸ் பைகேமைத் தொடங்கினார். பின்னர் பலரும் கூடி அதை வளர்த்தனர்.

கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம், வருபவன் யார் மகன் என்று கேளாமல் படிக்க இடம் தருகிறது. பைகேமும் அப்படியே. ஒரே வேறுபாடு: அங்குள்ள நூலில் நாம் ஒரு கோடும் போடக்கூடாது, இங்கோ மூலநிரலைப் படிக்கலாம், படியெடுக்கலாம், திருத்தலாம். திருத்திய நூலகத்தைப் பிறர்க்கு வழங்கினால், அதன் மூலநிரலையும் அதே உரிமையோடு வழங்க வேண்டும். பெற்றதைப் பூட்டி வைக்காதே என்பதே அந்த நிபந்தனையின் பொருள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். அப்பா தியாகராய நகரில் துணிக்கடைகளுக்குச் சுமை இறக்குபவர். மந்தைவெளியில் ஒற்றை அறையில் வாழ்கிறோம். அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்பில் அக்காவுக்குக் கிடைத்த பொறிதான் எங்கள் வீட்டுக் கணிப்பொறி. அக்கா மேலே படிக்கவில்லை; வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைக்கிறாள். காசு கொடுத்து மென்பொருள் வாங்குவதை நினைத்தும் பார்க்க இயலாது. பைகேம் அந்தப் பழைய பொறியிலும் ஓடியது.

ஆடுபுலி ஆட்டத்தைச் செய்யத் துணிந்தேன். விதிகள் அப்பாவுக்குத்தான் தெரியும். ஊரில் கோயில் திண்ணையில் ஆடியவர். ஓர் இரவு வேலை முடிந்து வந்து, சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு இழுத்தார். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆட்டைத் தாண்ட வேண்டுமானால், நேர்கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருக்க வேண்டும்.

"ஆடு ஒண்ணு பின்னால ஒண்ணு நின்னா புலிக்கு வழியில்லப்பா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை நிரலாக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு புள்ளிக்கும் அண்டைப் புள்ளிகள் எவை, தாண்டினால் போய் விழும் புள்ளி எது என்று பட்டியல் இட்டேன். பைகேம் கோடுகளை வரைந்தது. சுட்டி தொட்ட இடத்தைச் சொன்னது. ஆட்டத்தின் முறையை மட்டும் அப்பாதான் சொல்ல வேண்டியிருந்தது.

திரையில் புலி பாய்ந்ததைப் பார்த்துவிட்டு, "இதுக்கு யாருக்குக் காசு குடுக்கணும்?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை, பல பேர் சேர்ந்து செய்து எல்லோருக்கும் கொடுத்தது என்றேன். "ஆடுபுலி மாதிரிதான்னு சொல்லு" என்றார். என் பாடநூல் எதுவும் இவ்வளவு சுருக்கமாக விளக்கியதில்லை.

நண்பர்களே, இந்நூலகத்தின் விளக்கக் குறிப்புகள் ஆங்கிலத்தில் உள்ளன. அகராதியோடு அமர்ந்து படித்த நாட்கள் எனக்கு மறக்காது. எனவே என் நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் தமிழில் விளக்கம் எழுதி வருகிறேன். அடுத்த ஆண்டு வரும் முதலாண்டு மாணவர்க்கு அதைக் கொடுப்பேன். வேண்டுவோர் படியெடுத்துக்கொள்ளலாம், திருத்தினால் மற்றவர்க்கும் கொடுக்க வேண்டும்.