குழித்தறிக்கு எத்தனாவது மாடி?

ஆரணிக்குப் போனா கடைவீதியில பட்டுப்புடவையைத் தடவிப் பார்த்துட்டு பஸ் ஏறிடாதீங்க பாஸ்! நெசவாளர் தெருக்களுக்குள்ள ஒரு ரவுண்டு நடங்க. ‘தடக் தடக்’னு கேட்கிற சத்தம் ஃபேக்டரியில இருந்து வரலை. வீட்டுக் கூடத்துல இருந்து வருது.

எட்டிப் பாருங்க (பெர்மிஷன் கேட்டுட்டுத்தான்!). தரையில ஒரு குழி. அதுக்குள்ள காலைத் தொங்கப் போட்டு, மிதிபலகையை மாத்தி மாத்தி மிதிச்சுக்கிட்டே நாடாவை ஓட விடுறார் நெசவாளர். தலைக்கு மேல ஜக்கார்டு பெட்டி. அதனால கூரை உயரமா இருக்கணும், தரை தோண்டுற மாதிரி இருக்கணும். மண்குழியோட ஈரப்பதம் இழை அறுந்து போகாம பார்த்துக்கும். ஆனா அடைமழையில அதே குழியில தண்ணி ஊறிடுச்சுன்னா வேலை நின்னுடும். பாவு நீட்ட நேரான, நீளமான தெருவும் வேணும். ஆக, வீடு மட்டுமில்ல, தெருவும் சேர்ந்ததுதான் தறி.

இந்த வீட்டை யாராவது ‘எடுத்துக்கிறோம்’னு சொன்னா என்ன ஆகும்?

பதறாதீங்க. இந்தத் தெருக்களுக்கு நோட்டீஸ் வந்திருக்குன்னு சொல்லலை. ஆனா ‘நிலம் எடுப்பு’ங்கிற வார்த்தை இந்த மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. 2018-ல அறிவிச்ச சென்னை - சேலம் எட்டுவழிச் சாலை, 277 கிலோமீட்டர், திருவண்ணாமலை மாவட்ட கிராமங்கள் வழியாத்தான் திட்டமிடப்பட்டது. கல் நட்டு அளந்தாங்க. 2019 ஏப்ரல் 8-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செஞ்சது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம், நில எடுப்பு அறிவிக்கை செல்லும்னு சொல்லிடுச்சு. ஆனா முன்கூட்டியே வருவாய்த்துறைப் பதிவுகளில் பேர் மாத்தினது செல்லாதுன்னும் சொன்னது. இடைப்பட்ட காலத்துல அந்த வீடுகளுக்கு வெள்ளையடிக்க யாருக்கு மனசு வரும்?

அடுத்து, செய்யாறு பக்கம் மேல்மா. ஆரணி நாடாளுமன்றத் தொகுதிக்குள்ளதான் வருது. சிப்காட் விரிவாக்கத்துக்கு 3,000 ஏக்கருக்கு மேல எடுக்கிற திட்டத்தை எதிர்த்து 2023-ல் விவசாயிகள் மாசக்கணக்கா உட்கார்ந்தாங்க. நவம்பர்ல ஏழு பேர் மேல குண்டர் சட்டம் பாய்ஞ்சது. எதிர்ப்பு கிளம்பினதும் ஆறு பேர் மேல போட்டதை வாபஸ் வாங்கினாங்க.

சரி, சட்டம் நெசவாளரைப் பத்தி என்ன சொல்லுது? 2013-ல் வந்த நில எடுப்புச் சட்டம், 1894-ம் வருஷ வெள்ளைக்காரன் சட்டத்தைவிட எவ்வளவோ பரவாயில்லை. சொந்த நிலம் இல்லாத கைவினைஞர்கூட, அந்த இடத்துல மூணு வருஷம் வேலை செஞ்சு அதுதான் முக்கியப் பிழைப்புன்னா, ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’தான். வாடகை வீட்டுல தறி போட்டிருக்கிறவங்களுக்கு இது பெரிய விஷயம். ஒருமுறை உதவித்தொகையும் உண்டு, குறைஞ்சது 25,000 ரூபாய். பழைய குழியை விட்டுட்டு, புது இடத்துல தறி பூட்டி, பாவு ஏத்தி, முதல் புடவை இறங்குற வரைக்கும் கூலி கிடையாதே... அதுக்கு இது எத்தனை நாள் தாங்கும்? நீங்களே கணக்குப் போடுங்க.

அதைவிட இடிக்கிறது இன்னொண்ணு. நகரத்துல வீடு போனா, 50 சதுர மீட்டருக்குக் குறையாத வீடு தரணும்னு அதே சட்டம் சொல்லுது. நல்ல விஷயம்தான். ஆனா தேவைப்பட்டா அதை அடுக்குமாடியில தரலாம்னும் இருக்கு. ஆரணி நகராட்சி. அப்போ இந்த விதி இங்கேயும் பொருந்தும். தரைக்கு மேல நிறுத்துற தறியும் இருக்கு, வாஸ்தவம். ஆனா முப்பது வருஷம் குழித்தறியில உட்கார்ந்த கால், மூணாவது மாடி மொசைக் தரையில எந்த இடத்துல இறங்கும்? பாவு நீட்ட லிஃப்ட் வாசலா?

ஊருக்குப் போறப்போ, வாடகைத் தறியில நெய்யுற தாத்தாகிட்ட ஒண்ணு கேட்டுப் பாருங்க. அந்த வீட்டுல மூணு வருஷமா நெய்யுறார்ங்கிறதுக்குக் கையில ஒரு சீட்டாவது இருக்கான்னு.