ஸ்லிம் பெயரில் ஒரு பள்ளிக்கூடம்

தாப்பாவில் பஸ் ஏறியதுமே விவரம் தெரிந்தவர்கள் ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். மலைமேல் இருக்கும் தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. ரிங்லெட் தாண்டியதும் காற்று சில்லிடுகிறது; சரிவெல்லாம் தேயிலை. 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துக் கன்று நட்டதில் நம் ஆட்களின் கை நிறைய உண்டு. இன்று மட்டம் வெட்டுகிறவர்களில் வங்கதேசத்து இளைஞர்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள்.

மற்றவர்கள் ஸ்ட்ராபெரிக்கு வருகிறார்கள். நான் ஸ்லிம் பள்ளி இருந்த இடத்தைப் பார்க்க வந்தேன். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியிலிருந்த பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்காக, 1951-ல் தானா ராத்தாவில் ராணுவம் திறந்த உறைவிடப் பள்ளி அது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தார்கள். உள்ளூர்ப் பையன்களைப் படைக்குத் தயார்செய்ய, மறு ஆண்டு பிரிட்டிஷ் ஹைகமிஷனர் டெம்ப்ளர் போர்ட்டிக்சனில் தனியாக ஒன்றைத் தொடங்கினார். இன்று சுங்கை பீசியில் இருக்கும் அரச ராணுவக் கல்லூரி அதுதான்.

ஸ்லிமில் படித்தவர்கள் ராணுவப் பயிற்சிக்கு வரவில்லை. ஆனாலும் பள்ளிக்குப் போய்ச் சேருவதே ஒரு படையெடுப்பு போலத்தான் இருந்தது. அவசரகாலம், காட்டுக்குள் கம்யூனிஸ்டு கெரில்லாக்கள். தாப்பா ரோடு ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்கும் பிள்ளைகளை லோரிகளில் ஏற்றி, கவச வண்டிக் காவலோடு மலைக்குக் கொண்டுபோனார்கள். வீண் பயமில்லை. 1951 அக்டோபரில் பிரேசர் மலைப் பாதையில் ஹைகமிஷனர் கர்னியையே சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

“லோரி நிறையத் துரை புள்ளைங்க, பாட்டுப் பாடிக்கிட்டுப் போவாங்க தம்பி. நாங்க ஓரமா நின்னு கைய ஆட்டுவோம், அவங்களும் ஆட்டுவாங்க” என்றார் தேத்தண்ணிக் கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர். லயத்தில் பிறந்தவர். அவர் படித்தது தோட்டப் பள்ளிக்கூடத்தில். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் ஒரு பள்ளி நடத்தவேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் கேட்டது பள்ளியைத்தானே! பல தோட்டங்களில் ஒரே கொட்டகை, கங்காணியோ கிராணியோதான் வாத்தியார்.

எனக்கு ஸ்லிம் என்ற அந்தப் பெயர்தான் உறுத்துகிறது. ஜெனரல் ஸ்லிம் பர்மாவில் 14-வது படையை நடத்தியவர். 1944-ல் இம்பாலில் அந்தப் படைக்கு எதிரே, ஜப்பானியரோடு நின்றது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் எத்தனையோ பேர். பால்மரம் வெட்டிய பெண்களும் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, சிங்கப்பூரில் துப்பாக்கி பிடிக்கப் பழகி, பர்மா வரை போனார்கள். வேறு ஆயிரமாயிரம் பேரை ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துப்போனான். பாதிக்கு மேல் பிழைத்தாலே அதிசயம் என்ற நிலை. பர்மாப் போர்முனைக்குச் சாமான் அனுப்பப் போட்ட பாதை அது. 1956-ல் வந்த தன் போர் நினைவு நூலில் ஸ்லிம் இந்திய தேசிய ராணுவத்தைப் பெரிய எதிரியாகவே மதிக்கவில்லை. ஜெயித்தவர், எழுதலாம். ஆனால் பர்மாவிலிருந்து திரும்பி மறுபடி பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போனவருக்கு, எதிர்த்து நின்ற தளபதியின் பெயரே பள்ளிக்கூடமாக எழும்பியதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும்?

பெரியவரிடம் கேட்டேன். “அப்பா அதெல்லாம் பேசமாட்டாரு. நேதாஜி படம் மட்டும் சாமி படத்தோட மாட்டியிருந்துச்சு” என்றார்.

ஸ்லிம் பள்ளியை 1964-ல் மூடிவிட்டார்கள். இடம் பிறகு மலேசிய ராணுவத்தின் கைக்குப் போனது. கொட்டகையில் தொடங்கிய நம் பள்ளிகளோ தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் போ தோட்டத்திலும் தேசிய வகைத் தமிழ்ப்பள்ளிகளாக இன்னும் நடக்கின்றன. பிள்ளைகள்தான் குறைகிறார்கள், பெரியவரின் பேரப்பிள்ளைகள் படிப்பது ஈப்போவில்.