அந்த அறிக்கையில் நான் எழுதியது பொய்

ஒரு பையனின் வேலை போனதற்கு நான் காரணம். அவன் செய்யாததைச் செய்ததாக எழுதிக் கொடுத்தேன். உண்மை தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டி முதல் ஃபேஸில் ஒரு நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். விண்டோஸ் எக்ஸ்பி காலம். வாரக் கடைசி பேக்கப்பும் கஸ்டமருக்குப் போகிற கோப்புகளும் டிவிடியில்தான் ரைட் ஆகும். அதற்கென்றே ஒரு மெஷின், அதில் உட்கார ஒரு கான்ட்ராக்ட் பையன். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக பஸ்ஸில் வந்து போவான்.

ஒரு கட்டத்தில் அந்த மெஷின் படுத்துவிட்டது. டிவிடி ரைட் போட்டால் போதும், சிபியு நூறு சதவீதத்துக்கு ஏறிவிடும். மவுஸ் நகராது. டிவிடி ரைட் செய்கிற நீரோ மென்பொருளில் பஃபர் அளவு ஏறுவதும் சட்டென்று வடிவதுமாக இருக்கும். 2000-இல் சான்யோ கொண்டுவந்த பர்ன்-ப்ரூஃப் மாதிரியான வசதி டிரைவில் இருந்ததால் டிஸ்க் வீணாகவில்லை; டேட்டா வராதபோது லேசர் நின்று, வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் நேரம் இழுத்துக்கொண்டே போனது. கஸ்டமர் டெலிவரி தள்ளிப்போனது. மேனேஜர் என்னிடம் விளக்கம் கேட்டார்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். பட்டியலில் எந்த புரோகிராமும் சிபியுவைத் தின்னவில்லை. அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். புரோகிராம் எதுவும் தின்னாமல் சிபியு முழுதும் போகிறது என்றால், கோளாறு அதற்குக் கீழே, ஹார்ட்வேருக்கும் டிரைவருக்கும் நடுவில் இருக்கிறது. ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரை ஓடவிட்டிருந்தால் ஹார்ட்வேர் இன்டரப்ட்ஸ் என்ற வரியிலேயே விஷயம் தெரிந்திருக்கும். நான் அதைச் செய்யவில்லை. பையனைப் பார்த்து, "ரைட் ஓடும்போது பாட்டு டவுன்லோட் பண்றியா?" என்றேன்.

"இல்ல சார், நான் ஒண்ணும் தொடல. ரைட் போட்டாலே நின்னுடுது" என்றான்.

நான் நம்பவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கக்கூட இல்லை. எனக்கு விடை தெரியவில்லை, விடை தெரியாதவன் என்று மேனேஜர் முன்னால் நிற்க மனம் வரவில்லை. 'அனுமதியில்லாத மென்பொருள் பயன்பாடு' என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை.

அவன் போன பிறகும் மெஷின் அப்படியேதான் இருந்தது. அப்போதுதான் டிவைஸ் மேனேஜரில், டிவிடி டிரைவ் இருந்த செகண்டரி ஐடிஇ சேனலைத் திறந்தேன். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில், 'கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட்' என்ற இடத்தில் 'பிஐஓ மோட்' என்று இருந்தது. அல்ட்ரா டிஎம்ஏ என்று இருந்திருக்க வேண்டிய இடம்.

டிஎம்ஏ என்றால் டேட்டா நேராக மெமரியிலிருந்து டிரைவுக்குப் போகும். சிபியு தன் வேலையைப் பார்க்கும். பிஐஓவில் அப்படியில்லை. மேனேஜரே குடோனிலிருந்து லாரிக்கு மூட்டை தூக்குகிற கதைதான். 16 எக்ஸ் வேகத்தில் டிவிடி எழுத நொடிக்கு சுமார் 22 எம்பி வேண்டும். பிஐஓ மோட் 4-இன் உச்ச வரம்பே 16.6 எம்பி. சிபியு முழுதாக உழைத்தாலும் ஈடுகொடுக்க முடியாது.

எக்ஸ்பியில் இப்படி பிஐஓவுக்கு இறங்குவது தானாக நடக்கும். டைம்-அவுட், சிஆர்சி பிழைகள் சேர்ந்து ஆறைத் தாண்டினால் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் பிஐஓவில் விட்டுவிடும். பிறகு தானாக மேலே ஏறாது. கேபிள் கோளாறாலும் வரும், கீறல் விழுந்த டிஸ்க்கைப் படிக்கத் திணறினாலும் வரும். கேபிளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில், கீறல் விழுந்த பழைய சிடிக்களை அந்த டிரைவில் போட்டுப் போட்டுப் படிக்கவைக்கப் பார்த்தவன் நான்தான்.

சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2 என்று காட்டியது. ரைட் போட்டேன். சிபியு அசையவில்லை.

அன்றே மேனேஜர் அறைக்குப் போயிருக்கலாம். அறிக்கையைத் திருத்தச் சொல்லி, பையனைத் திரும்பக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். அவன் போன் நம்பர் என்னிடம் இருந்தது. அப்ரைசல் நெருங்கிக்கொண்டிருந்தது, நான் போகவில்லை. சரிசெய்தது எப்படி என்று கேட்டவர்களிடம் டிரைவர் பிரச்சினை என்று மட்டும் சொன்னேன். பாராட்டினார்கள். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன். அறியாமல் பழி போட்டதைவிட, அறிந்த பிறகு வாங்கிய அந்தப் பாராட்டுத்தான் என் பெரிய குற்றம்.

தம்பி, இது உங்கள் கண்ணில் பட்டால்: நீங்கள் எதையும் தொடவில்லை. அந்த டிரைவைக் கெடுத்தது நான். எந்த ஊரில் யார் கேட்டாலும் உங்கள் பக்கம் நின்று இதைச் சொல்ல வருகிறேன், கூப்பிடுங்கள்.