கால் முளைத்த விலாங்கு

பறியை முழுசாக மூழ்கடிக்கக் கூடாது. லூசியானா சதுப்புக்கு வேலை பழக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான். ஆம்பியூமா மீன் இல்லை, நுரையீரல் உள்ள சாலமாண்டர்; மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். பறியின் முதுகு நாலு விரற்கடை வெளியே தெரியட்டும். இரவு மழை பெய்து மட்டம் ஏறினால் என்ன ஆகும் என்பதையும் யோசித்தே கட்ட வேண்டும். இல்லையென்றால் காலையில் பிணத்தைத்தான் எடுப்போம்.

எங்கே கிடைக்கும் என்பதை க்ராஃபிஷ் பிடிப்பவர்களிடம்தான் கேட்பேன். ஆம்பியூமாவுக்கும் க்ராஃபிஷ்தான் தீனி. அவர்கள் பறியில் தானாகவே வந்து மாட்டும். ஆனால் ஆம்பியூமா என்று கேட்டால் விழிப்பார்கள். காங்கோ ஈல், டிச் ஈல், லாம்பர் ஈல் என்று கேட்க வேண்டும். காங்கோவுக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தம் கிடையாது. காங்கர் என்ற கடல் விலாங்கின் பெயர் திரிந்ததாம். 'காங்கோ ஸ்நேக்' என்பவரிடம் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து பேசுவேன். பாம்பென்றால் விஷம், விஷமென்றால் மண்வெட்டி. இதற்கு விஷம் துளியும் இல்லை. கடி பொல்லாதது, அது வேறு விஷயம்.

'மட் ஈல்' என்றால்தான் சிக்கல். சைரன் என்ற வேறொரு சாலமாண்டரையும் அப்படியே சொல்வார்கள். "கழுத்தோரம் குஞ்சம் தொங்கிச்சா?" என்று கேட்பேன். தொங்கினால் அது வெளிச்செவுள், பிடித்தது சைரன். அதற்கு முன்னங்கால் இரண்டு மட்டுமே. 1760களில் சார்ல்ஸ்டன் மருத்துவர் அலெக்சாண்டர் கார்டன் அனுப்பிய சைரனைப் பார்த்து, உயிர்களை வகைப்படுத்திப் பெயரிட்ட லின்னேயஸே திணறி, அதற்கென்று தனி வரிசை ஒன்றை உண்டாக்கினார்.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்பார்கள். ஆம்பியூமா அதற்கு மேலே நாலு காலும் வைத்திருக்கிறது. ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய உடம்பில் ஒரு சென்டிமீட்டர் சுமாருக்குக் கால்! அதன் நுனியில்தான் விரலை எண்ண வேண்டும். மூன்றென்றால் ட்ரைடாக்டைலம், இரண்டென்றால் மீன்ஸ். ஒற்றை விரல் ஃபோலிட்டர் சின்ன உருவம், ஃபுளோரிடா பக்கம், இங்கே வராது. இறுக்கிப் பிடித்தால் முறுக்கிக்கொண்டு நழுவும், திரும்பிக் கடிக்கும். நனைத்த தலையணை உறைக்குள் விட்டு, அங்கிருந்து கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்க்குள் தானாக நுழைய விடுவதே என் வழக்கம். அவசரப்படாமல் காத்திருந்தால் அதுவே நுழையும். பிறகு லென்ஸ். ஒன்றையொன்று கடித்து விரல் போயிருக்கும், ஆகவே நாலு காலையும் பார்க்காமல் பெயர் எழுதக் கூடாது.

ஃபுளோரிடா–அலபாமா எல்லையோரச் சதுப்புகளில் புள்ளி போட்ட பெரிய சைரன் ஒன்று உண்டு. அறிவியல் அதைத் தனி இனமாக விவரித்தது 2018இல்தான். 'லெப்பர்ட் ஈல்' என்ற பேச்சு அதற்கு முன்பே அங்கே இருந்தது. அதனால் என் குறிப்பேட்டில், பிடித்தவர் வாயால் சொன்ன பெயருக்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அறிவியல் பெயரைக் காலியாக விட்டு வரும் மாணவரை ஒன்றும் சொல்ல மாட்டேன். இந்தக் கட்டம் காலியாக வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.