கண்ணுக்குத் தெரியாத மரத்தூள்

வீட்டுப் பட்டறையில் இழைப்புளி தள்ளும் சுருள் சீவலால் பெரிய தொல்லையில்லை. தரையில் விழும், கூட்டி அள்ளிவிடலாம். பிரச்சினை, உப்புத்தாள் தேய்க்கும்போது எழும் மாவு போன்ற தூள்தான். 10 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் மெஷினை நிறுத்திய பிறகும் நெடுநேரம் காற்றில் மிதக்கும். மிகச் சிறியவை நுரையீரல் வரை போகும்.

இங்கிலாந்தின் ஹை விக்கம், நாற்காலித் தொழிலுக்குப் பேர்போன ஊர். அந்தப் பகுதி மரத்தொழிலாளர்களுக்கு மூக்கில் ஒருவகைப் புற்றுநோய் அதிகம் வருவதை எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற மருத்துவர் 1960களில் கவனித்தார். 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் சேர்த்தது.

அவர்கள் வருடக்கணக்கில், தினமும் அந்தத் தூளைச் சுவாசித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்டூல் செய்கிறவருக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனால் அவருடைய பட்டறைக்கு அடுத்த அறையில் குழந்தை தூங்குகிறதே!

செய்யவேண்டியது கொஞ்சம்தான். தூள் கிளம்பும் இடத்திலேயே வாக்குவம் கிளீனர் குழாயை மாட்டவேண்டும். அதில் ஹெப்பா ஃபில்டர் இல்லாவிட்டால் நுண்தூள் பின்பக்கமாக மறுபடி அறைக்கே வந்துவிடும். துடைப்பம் தூளைக் கிளப்பும், ஈரத்துணியே நல்லது. என்95 மாஸ்க்கும் அவசியம். ஆனால் அது போட்டிருப்பவரை மட்டுமே காக்கும். குழந்தையைக் காப்பது, காற்றில் கலக்காமல் பிடித்துவைத்த தூள்தான்.