ஒரு சோறும் இரண்டு பானையும்

ஒரு புரோகிராம் ஏன் மந்தமாக ஓடுகிறது என்பதற்கு பிராசசருக்குள்ளேயே சாட்சி உண்டு. எத்தனை சைக்கிள் கடந்தது, எத்தனை கட்டளை முடிந்தது, கேஷில் தேடியது எத்தனை முறை அகப்படாமல் போனது என்று எண்ணிவைக்கும் ஹார்டுவேர் கவுண்டர்கள் 1993-இல் வந்த பென்டியத்திலேயே இருந்தன. அப்போது இரண்டு. பிற்பாடு எண்ணத்தக்க நிகழ்வுகளின் பட்டியல் நூற்றுக்கணக்கில் நீண்டது. கவுண்டர்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. ஸ்கைலேக் வகை இன்டெல் பிராசசரில் ஹைப்பர்த்ரெடிங் இருக்கும்போது ஒரு த்ரெடுக்குக் கிடைப்பவை 4 பொதுக் கவுண்டர்கள். சைக்கிள், கட்டளை போன்றவற்றுக்கென்றே ஒதுக்கியவை தனியாக 3. கேட்பவரோ பத்து நிகழ்வு கேட்கிறார். ஆகவே கர்னல் முறைவைத்து எண்ணுகிறது: சில மில்லி விநாடிக்கு இந்த நான்கு, அடுத்து அந்த நான்கு. 2009-இல் 2.6.31 பதிப்போடு லினக்ஸுக்குள் வந்த பெர்ஃப் வசதியிடம் கேட்டால், எண்ணிக்கையோடு இரண்டு நேரங்களையும் தரும்: எண்ணச் சொல்லியிருந்த நேரம், உண்மையில் எண்ணிய நேரம். முதலாவதை இரண்டாவதால் வகுத்து எண்ணிக்கையைப் பெருக்கினால் முழு ஓட்டத்துக்கான மதிப்பீடு கிடைக்கும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம்பிக்கைதான் இந்தப் பெருக்கல். அதில் குற்றமில்லை, இரண்டு பானையிலிருந்து எடுத்ததை ஒன்றாகப் பேசாதவரை. மதிப்பீடு தோராயமானது என்பதை யாரும் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே அறிக்கையில் ஓர் எண் பெருக்கப்பட்டும் பக்கத்து எண் பெருக்கப்படாமலும் நிற்பதைத்தான் பொறுக்க முடியாது. நான்கு பொதுக் கவுண்டரில் நான்கு நிகழ்வுகளை அளக்கும் ஒரு லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். எல்லாம் முழு நேரமும் எண்ணப்படுகின்றன. ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்ததும் சுழற்சி தொடங்கி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 விழுக்காடு நேரமே எண்ணப்படும். லைப்ரரி பெருக்காமல் விட்டால் கேஷ் மிஸ் 20 விழுக்காடு குறைந்துவிட்டதாகத் தெரியும். கட்டளைகளுக்கோ தனிக் கவுண்டர் இருப்பதால் அந்த எண்ணில் குறைவே இல்லை. ஆயிரம் கட்டளைக்கு எத்தனை மிஸ் என்ற விகிதமும் அழகாக இறங்கும். புரோகிராமில் ஒரு வரிகூட மாறவில்லை. அளவுகோலைக் கூட்டியதாலேயே அது தேறிவிட்டது! இதைவிட மலிவான ஆப்டிமைசேஷன் உலகத்தில் கிடையாது.

எல்லாவற்றையும் பெருக்கிவிட்டால் தீர்ந்ததா என்றால், எப்போது பெருக்குவது என்பது அடுத்த சிக்கல். பெரும்பாலும் ஒரு ஃபங்ஷனின் தொடக்கத்திலும் முடிவிலும் கவுண்டரைப் படித்து வித்தியாசம் காண்கிறோம். தொடக்கத்தில் எண்ணிக்கை 1000, எண்ணச் சொன்ன நேரம் 2 அலகு, எண்ணிய நேரம் 1 அலகு என்று வைப்போம், மதிப்பீடு 2000. அடுத்த 1 அலகு நேரமும் கவுண்டர் வேலை செய்தது, ஆனால் அந்த நிகழ்வு ஒருமுறைகூட நடக்கவில்லை. முடிவில் எண்ணிக்கை அதே 1000, நேரங்கள் 3-ம் 2-ம்; மதிப்பீடு 1500. கழித்தால் மைனஸ் 500. குறியில்லாத 64 பிட் எண்ணில் அது 18446744073709551116 என்று அச்சாகும். எண்ணிக்கை, இரு நேரங்கள் ஆகிய மூன்றின் வித்தியாசங்களையும் முதலில் எடுத்து, பிறகு பெருக்கியிருந்தால் விடை பூஜ்யம், அதுதான் சரியும்கூட. பெருக்கலிலும் ஒரு கண்ணி உண்டு. 3 கிகாஹெர்ட்ஸில் 5 விநாடி ஓடியதில் பாதி நேரமே எண்ணினாலும் 750 கோடி சைக்கிள். நேரம் 500 கோடி நானோ விநாடி. இரண்டையும் நேரடியாகப் பெருக்கினால் 64 பிட்டின் கொள்ளளவைப்போல இரு மடங்கு ஆகிவிடும். ஈவையும் மீதியையும் தனித்தனியாகக் கணக்கிடும் வழியை கர்னலின் ஹெடர் கோப்பே குறிப்பில் எழுதிவைத்திருக்கிறது.

நீண்ட ஓட்டத்தில் இந்தப் பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று சிலர் சொல்வார்கள். தற்செயலான பிழைக்கு அது பொருந்தும். பெருக்காமல் விட்ட எண்ணோ எவ்வளவு நேரம் ஓடினாலும் அதே பக்கம்தான் சாயும். புரோகிராமின் கட்டங்களும் கர்னலின் சுழற்சியும் ஒரே தாளத்தில் விழுந்துவிட்டாலும் சராசரி கைகொடுக்காது. இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: மதிப்பீடே வேண்டாம், எண்ணியதை எண்ணியபடி கொடு, பெருக்குவது பயனரின் பாடு. இதில் நியாயம் இருக்கிறது. டென்னசி பல்கலைக்கழகத்தில் உருவான பாப்பி லைப்ரரியில், பயனர் வாய்விட்டுக் கேட்டால்தான் சுழற்சிமுறை இயங்கும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் தந்துவிட்டு நேரங்களைத் தராத லைப்ரரி, பயனரின் கையைக் கட்டிப்போட்டுவிட்டு நீந்தச் சொல்கிறது. விகிதத்தையும் வரைபடத்தையும் தானே தயாரித்துக் கொடுத்தால், பொறுப்பைப் பயனர் தலையில் கட்ட அதற்கு உரிமையும் இல்லை. மூல எண்ணையும் இரு நேரங்களையும் மதிப்பீட்டோடு சேர்த்துக் கொடுத்தால் இரு தரப்புக்கும் போதும். தனிக் கவுண்டரில் ஓடும் நிகழ்வுக்கு இதே விதி எதற்கு என்றால், அங்கே இரு நேரங்களும் சமம், பெருக்கெண் 1. விதிவிலக்கு எழுத அவசியமே இல்லை.

விகிதம் காண வேண்டிய இரு நிகழ்வுகளைக் குழுவாகக் கட்டிவிட்டால், அவை கவுண்டர்களில் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், பெருக்கெண்ணும் ஒன்றே. தனித்தனியே விட்டால், ஒரு குறுகிய ஓட்டத்தில் தவறாகக் கணித்த பிராஞ்சுகள் மொத்த பிராஞ்சுகளைவிட அதிகம் என்றுகூட அறிக்கை வரலாம். குழுவுக்கும் ஒரு விலை இருக்கிறது. இருக்கிற கவுண்டர்களுக்குள் அது முழுசாக அடங்க வேண்டும். பிராசசர் முடங்கிவிட்டதா என்று கண்காணிக்கும் லினக்ஸின் வாட்ச்டாக் ஒரு கவுண்டரைப் பிடித்து வைத்திருந்தால், கணக்குப்படி அடங்க வேண்டிய குழுவுக்குக்கூட ஒருமுறையும் இடம் கிடைக்காமல் போகலாம். அப்போது எண்ணிய நேரம் பூஜ்யம், வகுக்கவே முடியாது. பெர்ஃப் ஸ்டாட் கட்டளை அந்த இடத்தில் எண் எதையும் அச்சிடாமல், எண்ணப்படவில்லை என்று எழுதுகிறது. வகுத்தல் தவறிவிடுமே என்று அஞ்சி 0 என்று திருப்பி அனுப்பும் லைப்ரரியோ, கேஷ் மிஸ்ஸே இல்லாத புரோகிராம் என்று சான்றிதழ் கொடுத்துவிடுகிறது.