ஒரு குறுவீதியும் ஒரு தீவும்

இரண்டு மைல் நீளமும் இல்லாத வீதியை நெடுஞ்சாலை என்றழைப்பது சற்று வேடிக்கையே. கலிபோர்ணியா மாநிலத்தின் 103 ஆம் இலக்க நெடுஞ்சாலை அத்தகையது. லோங் பீச் நகரின் மேற்கோரத்திலிருந்து தெற்கே இறங்கி 47 ஆம் இலக்க வீதியோடு அது கலக்கிறது. அவ்வீதி பாலமொன்றைக் கடந்து துறைமுகத்தின் நடுவேயுள்ள டேர்மினல் தீவை அடைகிறது. இன்று அங்கு ஓடுவன பெரும்பாலும் கொள்கலன் லொறிகளே.

எனினும் வணிகத்தின் பொருட்டுப் பிறந்த வீதியன்று இது. இரண்டாம் உலகப்போரின்போது தீவின் கடற்படைத் தளத்துக்கு விரைவான பாதை வேண்டப்பட்டது. பாலம் 1948இல் திறக்கப்பட்டபோது போரே முடிந்துவிட்டது. தளத்தின் போர்க்காலத் தலைவர் ஷைலர் ஹைமின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

அத்தீவில் வேறு பெயர்களும் இருந்தன. ஜப்பானிய மீனவரும் அவர்தம் குடும்பத்தினருமாக ஏறத்தாழ 3,000 பேர் அங்கு வாழ்ந்தனர். ஆண்கள் சூரை மீன் பிடித்தனர். பெண்கள் ரின்மீன் தொழிற்சாலைகளில் உழைத்தனர். ஜப்பானிய மொழியும் ஆங்கிலமும் கலந்த தனிப்பேச்சொன்றும் அவர்களிடையே வழங்கிற்று. 1942 பெப்ரவரி இறுதியில், 48 மணி நேரத்துள் வெளியேறுமாறு கட்டளை வந்தது. ஆண்களிற் பலர் அதற்கு முன்னரே கைதாகியிருந்தமையால் வீட்டைக் கட்டிமுடித்துப் புறப்படும் பொறுப்புப் பெண்கள் தலையில் விழுந்தது. பழம்பொருள் வியாபாரிகள் லொறிகளுடன் வந்து சேர்ந்தனர். ஜீன் வகட்சுகி ஹியூஸ்டன் தம் கணவருடன் எழுதி 1973இல் வெளிவந்த நூலில் தம் தாயைப் பற்றிய செய்தியொன்று உண்டு. ஜப்பானிலிருந்து வந்த அருமையான பீங்கான் தொகுதிக்கு வியாபாரி 15 டொலர் பேசினான். தாய் மேலும் ஒன்றும் பேசவில்லை. தட்டுகளை ஒவ்வொன்றாக அவன் காலடியில் எறிந்து உடைத்தார். பொருளியல் நோக்கில் இது நட்டமே. ஆயினும் அன்று அத்தீவில் நேர்மையாக நடந்த கொடுக்கல்வாங்கல் அதுவொன்றே எனத் தோன்றுகிறது.

பின்னர் கிராமம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. போர் முடிந்து முகாம்களிலிருந்து மீண்டோர்க்குத் திரும்ப வீடில்லை. வீதி அக்கிராமத்தின் மேலாகச் செல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் கிராமத்தை அகற்றிய அதே போர்த்தேவையே வீதியையும் கேட்டது.

பழைய தூக்குப்பாலத்துக்குப் பதிலாக 2020இல் புதிய பாலம் வந்தது. கிராமத்தவர் நினைவாக 2002இல் மீனவர் இருவரின் சிலை எழுந்தது. டூனா வீதியில் அவர்தம் பழைய கடைக்கட்டடங்கள் இரண்டு எஞ்சியுள்ளன. 2025இல் அவை அழிவை எதிர்நோக்கும் வரலாற்றிடங்களின் பட்டியலில் இடம்பெற்றன.